தேய்ந்தது காசா, அச்சா?

எட்டாம் வகுப்பில் கிழக்கிந்தியக் கம்பெனி ஆட்சி பற்றிய பாடம் தொடங்கும்போது, "வீட்டில் பழைய காசு இருந்தால் பெரியவர்களிடம் கேட்டு எடுத்து வாருங்கள்" என்று மாணவர்களிடம் சொல்வது என் வழக்கம். பெரும்பாலும் ஓட்டைக் காலணா வரும். எப்போதாவது ஒரு வெள்ளி ரூபாய் வரும்.

சென்ற ஆண்டு ஒரு மாணவி தன் பாட்டியின் சுருக்குப் பையில் இருந்த வெள்ளி ரூபாயைக் கைக்குட்டையில் முடிந்து கொண்டுவந்தாள். ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் உருவம் பொறித்தது, ஆண்டு 1918. "பாட்டியோட மாமியார் தாய்வீட்டுல இருந்து கொண்டுவந்த காசு டீச்சர். செலவழிக்கவே இல்லையாம். அப்படியே பெட்டியில இருந்துச்சாம்" என்றாள்.

நான் காசைப் பார்த்தேன். மன்னரைச் சுற்றியுள்ள எழுத்துகள் தடித்து, ஓரம் மழுங்கிக் கிடந்தன. "இல்லம்மா, இது நல்லாப் புழங்கித் தேய்ஞ்ச காசு. எழுத்தைப் பாரு, தெரியும்" என்று வகுப்பின் முன்னிலையிலேயே சொல்லிவிட்டேன். அவள் முகம் வாடிவிட்டது. காசைப் பற்றித்தான் நான் பேசினேன். ஆனால், அவள் காதில் "உன் பாட்டி சொன்னது பொய்" என்றுதான் விழுந்திருக்கும்.

மதிய இடைவேளையில் மனம் கேட்கவில்லை. அறிவியல் ஆசிரியரிடம் கைலென்ஸ் வாங்கி, அந்த மாணவியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே மறுபடி பார்த்தேன். மன்னரின் தாடி முடி கோடு கோடாகத் தெரிந்தது. கழுத்துச் சங்கிலியில் தொங்கும் சிறிய யானையின் தும்பிக்கைகூடத் தெளிவாக இருந்தது. நாணயத்தில் மேடாக இருப்பது உருவம். எழுத்துகள் அதைவிடத் தாழ்ந்தவை. கைபட்டுத் தேய்ந்திருந்தால் மேடுதானே முதலில் தேயும்? மேடு கூர்மையாக இருக்க, தாழ்ந்த எழுத்து மட்டும் எப்படி மழுங்கும்?

தேய்ந்தது காசு அல்ல, அதை அடித்த அச்சு. இந்த வேறுபாட்டை நானும் அன்றுதான் ஒழுங்காகக் கவனித்தேன். வகுப்பறைக்குப் பழைய காசு வரும்போது மற்ற ஆசிரியர்களுக்கும் உதவும் என்பதால் இதை எழுதுகிறேன்.

நாணயம் பிறக்கும் விதம்

சென்னையில் தங்கசாலைத் தெரு என்று ஒரு தெரு இருப்பதை அறிவோம். நாணயம் அடித்த சாலை இருந்ததால் வந்த பெயர் அது. சென்னை நாணயச்சாலை 1869இல் மூடப்பட்டது. அதன்பின் கல்கத்தா, பம்பாய் ஆகிய இரண்டு இடங்களிலும்தான் பெரும்பாலான ரூபாய்கள் அடிக்கப்பட்டன.

நாணயம் அடிக்க இரண்டு எஃகு அச்சுகள் தேவை. ஒன்றில் மன்னர் உருவம், மற்றொன்றில் மதிப்பும் ஆண்டும். அச்சில் எல்லாமே பள்ளமாகவும் இடவலம் மாறியும் வெட்டப்பட்டிருக்கும். இரண்டுக்கும் நடுவே ஒரு வெள்ளி வில்லையை வைத்து இயந்திரம் பெரும் விசையுடன் அழுத்தும். அந்த நொடியில் வெள்ளி, பிசைந்த மாவைப் போல நகர்ந்து அச்சின் பள்ளங்களுக்குள் புகும். அச்சில் பள்ளமாக இருப்பது நாணயத்தில் மேடாக வரும். இந்த ஒரு விதியை மனத்தில் வைத்துக்கொண்டால் மற்றவை எளிதில் விளங்கும்.

ஒவ்வொரு அழுத்தத்திலும் வெள்ளி நடுவிலிருந்து விளிம்பை நோக்கி ஓடுகிறது. ஓடும் உலோகம் எஃகையும் சிறிது சிறிதாக அரிக்கிறது. ஆயிரக்கணக்கான முறை அடித்த பிறகு அச்சில் உள்ள எழுத்துப் பள்ளங்களின் ஓரம் மழுங்கி அகலமாகிவிடும். வழவழப்பாக இருந்த வெற்றிடப் பரப்பும் சொரசொரப்பாகும். அந்த அச்சிலிருந்து வரும் புத்தம் புதுக் காசிலும் எழுத்து தடித்து, ஊதினாற்போல் இருக்கும். அச்சு மிகவும் கெட்டுப்போனால் அதே வடிவத்தில் வேறு அச்சு பொருத்துவார்கள். எனவே, ஒரே ஆண்டில் ஒரே நாணயச்சாலையில் அடித்த இரண்டு ரூபாய்களில் ஒன்று கூர்மையாகவும் மற்றொன்று மங்கலாகவும் இருக்கலாம்.

1918 முதல் உலகப் போர் நடந்த ஆண்டு. வெள்ளி ரூபாய்க்குப் பெரும் தட்டுப்பாடு இருந்தது. அமெரிக்கா 'பிட்மன் சட்டம்' என்ற சட்டத்தை இயற்றி, தன் வெள்ளி டாலர்களை உருக்கி இந்தியாவுக்காக வெள்ளியை விற்றது. அந்த ஆண்டில் மட்டும் இரண்டு நாணயச்சாலைகளிலுமாகச் சுமார் 40 கோடி ரூபாய் நாணயங்கள் அடிக்கப்பட்டன. அச்சுகள் எவ்வளவு உழைத்திருக்க வேண்டும் என்பதை மாணவர்களே ஊகித்துச் சொல்வார்கள்.

மங்கலுக்கு மூன்று காரணங்கள்

ஒரு வெள்ளி ரூபாய் மங்கலாக இருந்தால் பொதுவாக மூன்றில் ஒன்று காரணமாக இருக்கும்.

முதலாவது, புழக்கத் தேய்மானம். கை, பை, கல்லாப்பெட்டி, மற்ற காசுகள் ஆகியவற்றில் உராய்ந்து தேய்வது. இது எப்போதும் மேட்டில்தான் தொடங்கும். ஐந்தாம் ஜார்ஜ் ரூபாயில் கிரீடப் பட்டை, புருவம், காது, தோள்மீதுள்ள அங்கி வேலைப்பாடு ஆகிய இடங்களைப் பார்க்க வேண்டும். விக்டோரியா ரூபாயில் காதுக்கு மேலுள்ள கூந்தல் இழைகளையும் உடையின் பூவேலையையும் பார்க்க வேண்டும். தேய்ந்த இடம் தட்டையாக, வழவழப்பாக, சுற்றியுள்ள பரப்பிலிருந்து நிறம் மாறித் தெரியும்.

இரண்டாவது, அச்சுத் தேய்மானம். இதில் எழுத்துகள், குறிப்பாக விளிம்பை ஒட்டியவை, தடித்தும் விளிம்புப் பக்கம் இழுபட்டும் இருக்கும். வெற்றிடப் பரப்பு ஆரஞ்சுப் பழத்தோல் போலச் சற்றுச் சொரசொரப்பாக இருக்கும். ஆனால், நாணயத்தின் இயல்பான மினுமினுப்பு கெடாமல் இருக்கும்.

மூன்றாவது, அரைகுறை அழுத்தம். அச்சு நன்றாக இருந்தும் அழுத்தம் போதாமல் போனால், அச்சின் ஆழமான பள்ளம்வரை வெள்ளி போய்ச் சேராது. எனவே, நாணயத்தின் மிக உயர்ந்த இடத்தில் மட்டும் வேலைப்பாடு இருக்காது. முதல் பார்வைக்குப் புழக்கத் தேய்மானம் போலவே தோன்றும் என்பதால் பலரும் ஏமாறும் இடம் இது.

ஐந்து சோதனைகள்

காரணத்தைக் கண்டறிய நான் பின்பற்றும் முறை இது. பத்து மடங்கு பெரிதாக்கும் கைலென்ஸ், ஒரு மேசை விளக்கு, ஒரு மின்னணுத் தராசு ஆகியவை போதும். காசை எப்போதும் விளிம்பில் மட்டும் பிடிக்க வேண்டும். முகத்தில் விரல் படக்கூடாது.

1. விளக்கின் கீழ் சாய்த்துப் பாருங்கள். புழங்காத நாணயத்தை மெல்லச் சாய்த்தால், வண்டிச் சக்கரத்தின் ஆரக்கால்கள் சுழல்வதைப் போல ஒளி சுற்றிவரும். அடிக்கும்போது வெள்ளி விளிம்பை நோக்கி ஓடிய நுண்ணிய கோடுகளே இதற்குக் காரணம். மங்கலான இடத்தின் மேலும் இந்த ஒளி தடையின்றிச் சென்றால் அது அச்சின் குறை. அந்த இடம் வந்ததும் ஒளி நின்று, சாம்பல் நிறத்தில் செத்துக் கிடந்தால் அது புழக்கத் தேய்மானம்.

2. மங்கல் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். மேடு கெட்டு, பள்ளம் நன்றாக இருந்தால் புழக்கத் தேய்மானமாகவோ அரைகுறை அழுத்தமாகவோ இருக்கலாம். மேடு நன்றாக இருந்து தாழ்ந்த எழுத்து கெட்டிருந்தால் அச்சுத் தேய்மானம்.

3. காசைத் திருப்பிப் பாருங்கள். அரைகுறை அழுத்தமாக இருந்தால், முன்பக்கத்தில் மங்கிய இடத்துக்கு நேர் பின்னாலும் பெரும்பாலும் மங்கல் இருக்கும். இரண்டு பக்கப் பள்ளங்களுக்கும் அந்த இடத்து வெள்ளி போதாமல் போனதே காரணம். மேலும், மங்கிய இடத்தில் வழவழப்புக்குப் பதிலாக வில்லையின் பழைய சொரசொரப்பு மிஞ்சியிருக்கும்.

4. கோடு இருந்தால் மேடா பள்ளமா என்று பாருங்கள். அச்சில் விரிசல் விழுந்தால் வெள்ளி அந்த விரிசலுக்குள்ளும் புகும். நாணயத்தில் அது மெல்லிய மேட்டுக் கோடாக வரும். பிற்பாடு விழுந்த கீறல் பள்ளமாக இருக்கும். மேட்டுக் கோட்டைக் கண்டு "யாரோ கீறிவிட்டார்கள்" என்று சொல்லக் கூடாது. அது அந்த அச்சுக்கு வயதாகிவிட்டதன் அடையாளம்.

5. எடை போடுங்கள். இதுவே வலுவான சாட்சி. 1835ஆம் ஆண்டுச் சட்டப்படி கம்பெனி ரூபாயின் எடை 180 கிரெய்ன், அதாவது 11.66 கிராம். அதில் பன்னிரண்டில் பதினொரு பங்கு வெள்ளி. பழைய தோலாவும் இதே எடைதான். நம் பாட்டிமார் மருந்துச் சரக்கை 'ஒரு ரூபாய் எடை' என்று சொல்வதும் இதை வைத்தே. 1939 வரை அடித்த ரூபாய்களுக்கு இந்த அளவே நீடித்தது. 1940 முதல் வெள்ளி பாதியாகக் குறைக்கப்பட்டது. காசு தேய்ந்தால் எடை குறையும். அச்சு தேய்ந்தால் காசின் எடை குறையாது.

ஐந்தாம் சோதனையைக் கணக்குப் பாடமாகவும் நடத்தலாம். 1906ஆம் ஆண்டின் இந்திய நாணயச் சட்டப்படி, ரூபாயின் எடை 2 சதவீதத்துக்கு மேல் குறைந்துவிட்டால் அது செல்லத்தக்க பணம் அல்ல. 11.66 கிராமில் 2 சதவீதம் எவ்வளவு? சுமார் 0.23 கிராம். அப்படியானால், 11.43 கிராமுக்குக் கீழே போன காசு அன்று செல்லாக்காசு. எங்கள் ஆய்வகத் தராசில் மாணவியின் காசு 11.65 கிராம் காட்டியது. எழுத்து அந்த அளவுக்குக் கைபட்டு மழுங்கியிருந்தால் இந்த எடை நின்றிருக்காது.

ஓர் எச்சரிக்கையும் உண்டு. அசல் காசிலிருந்து வார்ப்பு எடுத்துச் செய்யும் போலிகளிலும் எழுத்துகள் மழுங்கியே இருக்கும். லென்ஸில் ஊசிமுனை போன்ற சிறு குழிகள் தெரிந்தாலோ, விளிம்பைச் சுற்றி இணைப்புக் கோடு இருந்தாலோ, எடை வெகுவாக மாறினாலோ ஐயப்பட வேண்டும்.

ஆண்டைப் பார்க்கும்போதும் கவனம் தேவை. 1840, 1862 என்று பொறித்த ரூபாய்கள் அந்தந்த ஆண்டில் மட்டும் அடித்தவை அல்ல. அச்சில் ஆண்டை மாற்றாமல் பின்னும் பல ஆண்டுகள் அடித்தார்கள். காசிலுள்ள ஆண்டு, எல்லாச் சமயங்களிலும் அது பிறந்த ஆண்டு ஆகாது.

தரம் என்பது என்ன?

நாணயச் சேகரிப்பாளர்கள் காசுக்குத் தரம் போடுவார்கள். அமெரிக்காவில் வில்லியம் ஷெல்டன் என்பவர் 1949இல் பழைய செப்புக் காசுகளுக்காக 1 முதல் 70 வரை ஓர் அளவுகோலை வகுத்தார். இன்று உலகெங்கும் எல்லா நாணயங்களுக்கும் அதைப் பயன்படுத்துகிறார்கள். வழக்கிலுள்ள பெயர்களைக் கீழிருந்து மேலாகத் தருகிறேன்.

குட்: உருவத்தின் வெளிக்கோடு மட்டும் தெரியும். உள் வேலைப்பாடு அநேகமாக இல்லை. எழுத்தைப் படிக்கலாம்.

ஃபைன்: மேடுகள் எல்லாம் தட்டை. முடியிழைகள் ஒன்றோடொன்று கலந்துவிட்டன. எழுத்துகள் முழுமையாக உள்ளன.

வெரி ஃபைன்: மேட்டில் தேய்மானம் தெரிந்தாலும் பெரும்பகுதி வேலைப்பாடு இருக்கிறது.

எக்ஸ்ட்ரீம்லி ஃபைன்: மிக உயர்ந்த இடங்களில் மட்டும் லேசான தேய்மானம். எழுத்துகளின் இடுக்கில் பழைய மினுமினுப்பு மிச்சமிருக்கும்.

அபவுட் அன்சர்குலேட்டட்: உச்சிகளில் தேய்மானத்தின் சாயல் மட்டும்.

அன்சர்குலேட்டட்: புழக்கத் தேய்மானமே இல்லை. ஷெல்டன் அளவில் 60 முதல் 70 வரை.

நாம் மாணவர் நோட்டில் 'குட்' என்று எழுதினால் அது பாராட்டு. காசு உலகில் 'குட்' என்றால் கிட்டத்தட்டக் கடைசி வரிசை. பெயரைக் கேட்டு மயங்கிவிடக் கூடாது.

இங்கே முக்கியமான செய்தி ஒன்று உண்டு. தரம் முதலில் அளப்பது புழக்கத் தேய்மானத்தைத்தான். அச்சுத் தேய்மானத்தையும் அரைகுறை அழுத்தத்தையும் தனியே குறிப்பிட வேண்டும். எனவே, எழுத்து மழுங்கிய ஒரு காசு 'அன்சர்குலேட்டட்' ஆகவும் இருக்கலாம். மாறாக, புழங்காத காசிலும் கீறல் இருக்கலாம். நாணயச்சாலையில் மூட்டை மூட்டையாகக் கொட்டும்போது ஒன்றோடொன்று மோதி விழுந்த தழும்பு அது.

துலக்காதீர்கள்

பள்ளிக்குக் காசு கொண்டுவரச் சொல்லும்போது "துடைக்காமல், தேய்க்காமல் அப்படியே கொண்டு வாருங்கள்" என்று கட்டாயம் சொல்லுங்கள். நான் சொல்ல மறந்த ஓர் ஆண்டில், ஒரு மாணவன் விபூதி போட்டுத் தேய்த்துப் பளபளவென்று ஒரு விக்டோரியா ரூபாயைக் கொண்டுவந்தான். குத்துவிளக்கு துலக்குவதைப் போல அவன் அம்மா ஆசையாகத் துலக்கிக் கொடுத்திருக்கிறார். லென்ஸில் பார்த்தால் பரப்பு முழுவதும் முடி போன்ற கீறல்கள்.

வெள்ளி கறுப்பது காற்றிலுள்ள கந்தகச் சேர்மங்களால். அது மெல்லிய வெள்ளி சல்பைடு படலம். அந்தப் படலத்தைத் தேய்த்து நீக்கும்போது அதனோடு நுண்ணிய ஓட்டக் கோடுகளும் போய்விடுகின்றன. பிறகு விளக்கொளியில் சக்கரம் சுழலாது. காசின் வரலாற்றைச் சொல்லும் சாட்சியை நாமே அழித்தவர்கள் ஆவோம். மண் ஒட்டியிருந்தால் சுத்தமான நீரில் ஊறவைத்து, மெல்லிய துணியில் ஒற்றி எடுத்தால் போதும், தேய்க்கக் கூடாது.

இன்னொன்று: தோண்டும்போது மண்ணுக்கடியில் காசு கிடைத்ததாக மாணவர் சொன்னால், 1878ஆம் ஆண்டின் புதையல் சட்டப்படி மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டியிருக்கும் என்பதை வீட்டாருக்குச் சொல்லுங்கள்.

வகுப்பறைச் செயல்பாடு: சோப்பு அச்சு

வெள்ளி ரூபாய் இல்லாத பள்ளியிலும் இதை நடத்தலாம். தொடக்க வகுப்புகளுக்கும் ஏற்றது.

ஒரு சோப்புக் கட்டியில் 'அ' என்ற எழுத்தை இடவலம் மாற்றிப் பள்ளமாகச் செதுக்குங்கள். பிசைந்த களிமண்ணைச் சிறு வில்லைகளாக உருட்டித் தட்டி வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு வில்லையாகச் சோப்பில் அழுத்தி எடுத்து, வரிசை எண் இட்டு நிழலில் காயவையுங்கள். ஈரக் களிமண் சோப்பைக் கரைப்பதால், முப்பதாவது வில்லைக்குள் எழுத்து தடித்து மங்குவதைப் பார்க்கலாம். இது அச்சுத் தேய்மானம்.

முதல் சில வில்லைகளில் ஒன்றைக் காய்ந்தபின் விரலால் தொடர்ந்து தேய்க்கச் சொல்லுங்கள். இது புழக்கத் தேய்மானம். தொடக்கத்திலேயே ஒரு வில்லையை மட்டும் மெதுவாக அழுத்தி எடுத்து வையுங்கள். இது அரைகுறை அழுத்தம்.

இப்போது மூன்றையும் கலந்து வைத்து, "இவை மூன்றும் மங்கல்தான். எதற்கு எது காரணம்?" என்று கேளுங்கள். விடையைவிட, "எதை வைத்துச் சொல்கிறாய்?" என்ற அடுத்த கேள்விதான் முக்கியம். வாய்ப்புள்ளவர்கள் சென்னை எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தின் நாணயப் பிரிவுக்கும் மாணவர்களை அழைத்துச் செல்லலாம்.

மறுநாள் வகுப்பில்

மறுநாள் முதல் பாடவேளையிலேயே அந்த மாணவியை அழைத்து, காசை அவள் கையிலேயே கொடுத்து, "நேற்று நான் சொன்னது தப்பு. ஏன் தப்புன்னு நீயே சொல்லிக்காட்டு" என்றேன். தாடி முடியையும் யானையின் தும்பிக்கையையும் லென்ஸில் காட்டினாள். விளக்கின் கீழ் ஒளி சுற்றுவதைக் காட்டினாள். தராசின் எண்ணைக் கரும்பலகையில் எழுதினாள். கடைசியாக, "பாட்டி சொன்னதுதான் சரி" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தாள்.

1918ஆம் ஆண்டு ரூபாய் அரிய காசு அல்ல. அதன் விலையில் பெரிய மாற்றம் ஒன்றும் வந்துவிடவில்லை. ஆனால், ஒரு குடும்பம் வாய்மொழியாகக் காத்துவந்த செய்தியைக் காசின் மேற்பரப்பும் எடையும் உறுதி செய்தன. வாய்மொழிச் சான்றையும் பொருட்சான்றையும் ஒப்பிட்டுப் பார்ப்பதே வரலாறு என்று எத்தனையோ முறை கரும்பலகையில் எழுதியிருக்கிறேன். அந்த வகுப்பு அதைக் கண்ணால் கண்டது அன்றுதான்.

அடுத்த வாரம் பாட்டி பள்ளி வாசலில் என்னைப் பார்த்தார். "டீச்சரம்மா, காசை விளக்கித்தான் வைக்கட்டுமா, கறுத்துக் கிடக்கே?" என்று கேட்டார். "வேண்டாம் பாட்டி, அப்படியே இருக்கட்டும்" என்றேன்.